அத்துமீறலும் ஜாஸ்தியும்

'ஜாஸ்தி'யைக் கொச்சை என்று நீக்கும் மெய்ப்புத் திருத்துநர் 'அத்துமீறல்' என்பதில் கைவைப்பதில்லை. இரண்டிலும் உள்ளது அரபு வேரே.

பெருக்கத்தைக் குறிக்கும் 'ஸியாதா' பாரசீகம் வழியே 'ஸியாததி' ஆகித் தெற்கே 'ஜாஸ்தி' எனத் திரிந்தது. வசூல், பாக்கி, ஜமாபந்தி ஆகியவற்றின் கூட்டாளி அது. 'அத்து' என்பது எல்லையைக் குறிக்கும் 'ஹத்'. கன்னடமும் தெலுங்கும் 'ஹத்து' என ஹகரத்தைக் காத்தன, தமிழ் உதிர்த்தது. உதிர்ந்தவுடன் அதன் பிறப்பிடம் மறந்துபோயிற்று! ஜாஸ்தியை அதன் கிரந்த எழுத்துகள் காட்டிக்கொடுத்தன. தூய்மை என இங்கு அளக்கப்படுவது பெரும்பாலும் எழுத்தின் தோற்றமே.

பொருளோ வேறு வழியில் சென்றது. இந்தியில் 'ஸ்யாததி' கொடுமையைக் குறிக்கும். நெருக்கடிநிலைக் காலக் கொடுமைகளுக்கு அங்கு வழங்கும் சொல் அதுவே. அதன் உடன்பிறப்பான ஜாஸ்தி தமிழில் சர்க்கரையின் அளவையும் வண்டிக் கூலியையும் தாண்டவில்லை. 1977இல் ஷா ஆணையம் விசாரித்தவற்றைத் தமிழ் 'அத்துமீறல்கள்' என்றது. 'மிகை' என்றோ 'மிகுதி' என்றோ பெயர்த்திருந்தால், கட்டாயக் கருத்தடை ஏதோ நல்ல திட்டம் சற்று அளவு கூடியதாகத் தோன்றியிருக்கும்.

'எல்லைமீறல்' உண்டே என்பர். குழந்தையின் குறும்பும் எல்லை மீறும். காவல் நிலையத்தில் நடப்பதைச் சுட்ட நாளிதழ்கள் நாடுவது அத்துமீறலைத்தான். வேரை மட்டும் பார்த்து விலக்குப்பட்டியல் எழுதுவோர், இந்தக் குற்றச்சாட்டுக்கு ஈடான சொல்லை முதலில் காட்டட்டும்.