கணக்கு மென்பொருள்: கடையில் வாங்குவதா, நெய்து பெறுவதா?

காஞ்சிபுரத்துக்குத் திருமணப் பட்டு வாங்க வருவோர் இரு வகையினர். அடுக்கி வைத்த சேலைகளில் ஒன்றைத் தேர்ந்து அன்றே வீடு திரும்புவோர் ஒரு வகை. நிறமும் கரையும் முந்தியும் சொல்லித் தறியில் நெய்யச் செய்து, காத்திருந்து பெறுவோர் மற்றொரு வகை. அச்சேலைகளை விற்கும் வணிகர் தம் கணக்கைக் கணிப்பொறிக்கு மாற்ற எண்ணும்போது, அதே கேள்வி அவர் முன்னும் வந்து நிற்கிறது. ஆயத்த மென்பொருளை வாங்குவதா, தம் தொழிலுக்கென்றே தனியாக எழுதச் செய்வதா?

விடை காண ஒரு வரலாறு உதவும். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்னும் வணிகர், ஆலைகளுக்கு மூலப்பொருள்களும் இயந்திர உதிரிகளும் வழங்கி வந்தார். தம் கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். தந்தையின் தொழிலுக்காக எழுதப்பட்ட அதுவே, 1986-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் வழியே வளர்ந்து, 'டேலி' என்னும் பெயரில் நாடெங்கும் பரவியது. ஒரு கடைக்கென நெய்தது பல கடைகளுக்கு எப்படிப் பொருந்தியது? வரவும் செலவும், கடனும் இருப்பும் எழுதும் முறை எல்லா வணிகருக்கும் ஒன்றே என்பதுதான் காரணம்.

ஆகவே பேரேடு, விற்பனைச் சீட்டு, வரிக் கணக்கு ஆகியவற்றுக்கெனத் தனி மென்பொருள் எழுதச் செய்வது பெரும்பாலும் வீண் செலவே. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது, 2025 செப்டம்பர் 22 அன்று அதன் விகிதங்கள் பல மாறின. இத்தகைய மாற்றங்களை ஆயத்த மென்பொருள் நிறுவனம் ஒருமுறை செய்து அனைவருக்கும் அளிக்கிறது. அதற்குச் சந்தா உண்டு. தனி மென்பொருள் வைத்திருப்பவரோ, எழுதியவரை ஒவ்வொரு முறையும் தேடிச் செல்ல வேண்டும். ஹிஜ்ரி ஆண்டின்படி ஜகாத் கணக்கிடுவோருக்கும் தனி ஏற்பாடு தேவையில்லை. குறித்த நாளின் சரக்கிருப்பையும் வரவேண்டிய தொகையையும் ஆயத்த மென்பொருளே காட்டிவிடும்.

ஆனால் பட்டுத் தொழிலுக்கே உரிய கணக்கு ஒன்று உண்டு. வணிகர் பட்டு நூலையும் ஜரிகையையும் எடையிட்டு நெசவாளர் வீட்டுக்குக் கொடுக்கிறார். அவை சேலையாகத் திரும்புகின்றன. எவரிடம் எவ்வளவு நூல் நிற்கிறது, எத்தனை சேலை வந்தது, கூலியில் முன்பணம் எவ்வளவு கழிந்தது என்பதையெல்லாம் தறிவாரியாக எழுத வேண்டும். 'ஜாப் ஒர்க்' எனப்படும் கூலிப்பணிக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டமும் கூறுகிறது. இங்கே பிழை நேர்ந்தால் நட்டம் வணிகருக்கு மட்டுமன்று. நெசவாளரின் உழைப்புக்குரிய கூலியும் குறைந்துபோகும்.

எனவே முதலில் ஆயத்த மென்பொருளை வாங்குங்கள். கூலிப்பணிக்கென அதிலுள்ள பகுதியில் பத்துத் தறிகளின் கணக்கை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். போதுமென்றால் அத்துடன் நிறுத்துங்கள். போதாவிடில், குறைபடும் அந்த ஒரு பகுதியை மட்டும் அதன்மேல் எழுதச் செய்யுங்கள். டேலியில் இத்தகைய சேர்க்கைகளுக்கென்றே டி.டி.எல். என்னும் நிரல் மொழி இருக்கிறது.

எழுதச் செய்யும்போது சிலவற்றை ஒப்பந்தத்தில் சேர்ப்பது அவசியம். மூல நிரலின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். கணக்கு விவரங்களை எக்ஸெல் வடிவில் நீங்களே எடுத்துக்கொள்ள இயல வேண்டும். பின்னர் செய்யும் திருத்தங்களுக்கான கட்டணம் முன்னரே பேசப்பட வேண்டும். இவை இல்லையேல், எழுதியவர் ஊர் மாறிய அன்றே உங்கள் கணக்கும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இன்னும் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். நூல் கொடுக்கும்போதும் சேலை வாங்கும்போதும், எடையும் கூலியும் கழிவும் தமிழில் அச்சான சீட்டொன்று நெசவாளர் கைக்குச் சேரட்டும். கொடுத்தவரும் பெற்றவரும் படித்துச் சரிபார்க்கக்கூடிய கணக்கில் தகராறுக்கு இடம் குறைவு.