பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தனர் நம் முன்னோர். உலாப் பாடிய புலவர்கள் இவ்வேழு பருவத்தாரையும் வீதியிலே நிறுத்தி, பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்கவைத்தார்கள். பாட்டியல் நூல்களிற் பெருவழக்கான கணக்குப்படி பேரிளம்பெண்ணுக்கு வயது எல்லை 40. அதற்கு மேல் பெயரில்லை. நாற்பத்தோராவது வயதில் ஒரு தமிழ்ப் பெண் எந்தப் பருவத்திற் பிரவேசிக்கிறாள் என்று கேட்டால், இலக்கணம் மௌனம் சாதிக்கிறது.

புலவர்களைக் குறை கூறிப் பயனில்லை. 1947இல் தேசம் விடுதலை பெற்றபோதே இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 ஆண்டுதான். குழந்தைச் சாவுகள் மலிந்திருந்ததால் சராசரி அவ்வளவு தாழ்ந்தது என்பதும், அறுபது எழுபது கண்ட பாட்டிமார் அன்றும் இருந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் இன்று தமிழ்நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுள் எழுபதைத் தாண்டிவிட்டது. பேரிளம்பெண்ணுக்கு அப்பால் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாழ்வு சாதாரண ஸ்திரீகளுக்கும் கிடைத்திருக்கிறது. அந்த முப்பது ஆண்டின் வாசலிலே நடப்பதுதான் மாதவிடாய் நிற்றல். அதைப்பற்றி நம் வீடுகளில் எவரும் வாய் திறப்பதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்த நேயர்கள் அங்குள்ள ஒரு கட்டிலை மறந்திருக்க மாட்டார்கள். அறுபத்துநான்கு வகை மூலிகை மரங்களால் ஆனது என்றும், டச்சுக்காரர் அரசருக்குக் காணிக்கையாகக் கொடுத்தது என்றும் சொல்லக் கேட்கிறோம். மன்னரின் தேகாரோக்கியத்துக்கு அவ்வளவு ஏற்பாடு! அதே அரண்மனையிலே மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். அங்கிருந்த அரசமாதாவின் தேகாரோக்கியத்துக்கு என்ன மரத்தாற் கட்டில் என்று எவரும் சொல்வதில்லை. நாமும் எத்தனையோ முறை பார்த்திருந்தும் கேட்டதில்லை. திருவிதாங்கூர் அரசுரிமை தாய்வழியில் வந்தது. ஆகவே, ராணிமாருக்குப் பிள்ளை பிறக்கும் பருவம் இருக்கும்வரை அவர்கள் உடல்நலம் ராஜாங்கக் கவலை. அதற்குப் பின்னர்? அரண்மனையில் மட்டுமன்று, ஓலைக் குடிசையிலும் இதே கதைதான். பிள்ளை பெறும் வயிற்றுக்கு வைத்தியம் உண்டு, மருத்துவச்சி உண்டு, பத்தியம் உண்டு. பெற்று முடித்த வயிற்றை யார் கவனிக்கிறார்கள்?

தக்கலைக் கடைவீதியில் இரண்டு பெண்கள் சந்தித்தால் இந்தப் பேச்சு நிச்சயம் காதில் விழும். "ராத்திரி உறக்கமே இல்ல மயினி. திடீர்னு ஒடம்பு தீயா எரியுது." "அது அப்பிடித்தாம்மா. வயசு ஆவுதுல்லா?" விசாரணை இவ்வளவில் முடிந்துவிடும். இந்த வயதை நம் சமூகம் கணக்கிலெடுத்துக்கொள்ளும் ஒரே இடம் கோவில்தான். "ஐம்பது கழியட்டும், சபரிமலைக்குப் போகலாம்" என்று காத்திருக்கும் வீடுகள் இந்தச் சீமையில் அநேகம். மலைக்குப் போகும் வயது வந்ததென்று ஊரெல்லாம் அறியும். அந்த வயதிலே அவள் தேகத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அவள் மகள்கூட அறியாள்.

என்ன நிகழ்கிறது? பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து இருபது லட்சம் கருமுட்டைகளின் வித்துக்கள் இருக்கின்றன. பூப்படையும் காலத்தில் மூன்று நான்கு லட்சமே எஞ்சும். ஆயுள் முழுவதும் முதிர்ந்து வெளிப்படுபவை நானூறு ஐந்நூறு மாத்திரமே. இருப்புத் தீரும் தறுவாயில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. மாதவிடாய் முன்னும் பின்னுமாகத் தடுமாறிப் பின்னர் நிற்கிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால் நின்றுவிட்டதென்று வைத்தியர்கள் முடிவு கட்டுகிறார்கள். மேனாட்டு ஸ்திரீகளுக்கு இது சராசரி 51ஆம் வயதில் நேர்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நேர்ந்துவிடுகிறது. நாற்பதுக்கு முன்னரே நின்றால் அது இயல்பன்று. அவசியம் வைத்தியரைக் காண வேண்டும். இதற்கு 'மெனோபாஸ்' என்ற மேனாட்டுப் பெயரையே பிரெஞ்சு வைத்தியர் ஒருவர் 1821இல்தான் சூட்டினார். பெயரிடத் தாமதித்தவர்கள் நாம் மட்டுமல்லோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுவோம். மாதவிடாய் தடுமாறத் தொடங்கியதும் இனிக் கருத்தரிக்காது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முற்றும் நின்று ஓராண்டு ஆகும்வரை, ஐம்பது வயதுக்குட்பட்டவர்களானால் இரண்டாண்டு ஆகும்வரை, அந்த நம்பிக்கை சரியன்று. மருமகளும் மாமியாரும் ஒரே ஆண்டில் தொட்டில் கட்டிய வீடுகள் கதையில் மட்டும் இல்லை.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையிலே உடற்சூட்டைக் காக்கும் பகுதி நிலை தடுமாறுகிறது. மார்பிலிருந்து முகம் வரை அனல் ஏறும், வியர்வை பெருகும், சில நிமிஷத்தில் அடங்கிக் குளிரெடுக்கும். சிலருக்குச் சில மாதங்களில் போய்விடும், பலருக்கு ஏழாண்டுகூட நீடிக்கும். கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்களில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பிழைப்பு முந்திரி ஆலை. ஊர் வழக்கில் 'அண்டி ஆபீஸ்'. தரையிலே குந்தியிருந்து ஓடு உடைத்து, தோல் உரித்து, தரம் பிரிக்கும் வேலை. அவர்களிற் பலர் நாற்பதைக் கடந்தவர்கள். பொழுதெல்லாம் குனிந்திருப்பவளுக்கு அனல் ஏறினால் எழுந்து காற்றாட நிற்க முடியுமா? எடைக்குக் கூலி வாங்குகிறவள் எப்படி எழுவாள்? முழங்கால் வலியையும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதையும், தும்மினாற் சொட்டு நீர் இறங்குவதையும் அவள் யாரிடம் சொல்வாள்? நீர் அருந்தாமலே இருந்துவிடுகிறாள், எரிச்சல் அதிகமாகிறது. கணவன் வளைகுடா நாட்டிலே இருக்க, வீடும் கடனும் மாமியாரும் இவள் தலைமீது இருக்கும் குடும்பங்களும் இங்கே மிகுதி. உறக்கமின்மையும் சிடுசிடுப்பும் சேர்ந்தால் "இவளுக்குக் குணம் மாறிப்போச்சு" என்று பேர் வந்துவிடும். பெண்மக்களே! குணம் மாறவில்லை, சுரப்பு மாறியிருக்கிறது. உறக்கம் திரும்பினாற் பெரும்பாலும் குணமும் திரும்பும். எதிலும் பிடிப்பில்லாத சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

இவையெல்லாம் தொந்தரவுகளே; உயிருக்கு அபாயமில்லை. அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் அது மாதவிடாய் அன்று. "போனது திரும்பி வந்திருக்கிறது, இளமை திரும்புகிறது போலும்" என்று சிரித்து மறைத்த பெண்கள் உண்டு. வெட்கத்தால் ஆறு மாதம் பழந்துணி வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. இப்படி இரத்தம் கண்டவர்களிற் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் சாதாரணமானதாயிருக்கும். பத்தாமவளுக்குக் கருப்பையின் உட்சுவரிலே புற்றுநோய். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாகும் நோய் அது. அந்த முதல் துளியே அதன் எச்சரிக்கை. அந்த வாரத்திலேயே வைத்தியரிடம் போக வேண்டும்.

நிற்க. இதற்கு நேர்மாறான தவறொன்றும் நாட்டிலே நடந்து வருகிறது. நாற்பது வயதில் மாதவிடாய் தாறுமாறாகி இரத்தம் மிகுந்தால், "இனி இந்தப் பை எதற்கு? எடுத்துவிட்டால் நிம்மதி" என்று கருப்பையையே அகற்றிவிடும் அவசரம். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிடாயால் வேலை கெட்டுக் கூலி போகிறதே என்று இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே திடுக்கிட வைத்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காக ஏழைப் பெண்களுக்கு அவசியமின்றி இந்தச் சஸ்திர சிகிச்சை செய்யப்பட்டது என்ற வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டுமெனக் கட்டளையிட்டது.

கருப்பையை எடுப்பதே தவறு என்பது நம் அபிப்பிராயமன்று. புற்றுநோய்க்கும், வேறு மருந்துக்கு அடங்காத பெருங்கட்டிகளுக்கும் அது உயிர் காக்கும் சிகிச்சை. ஆனால் மிகுந்த இரத்தப் போக்குக்கு முதலில் மாத்திரைகள் உண்டு. கருப்பைக்குள் வைக்கும் மருந்துச் சாதனம் உண்டு. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து உண்டு. இவற்றைப் பார்த்தாயிற்றா என்று கேட்பது நோயாளியின் உரிமை. "சினைப்பையையும் எடுப்பீர்களா?" என்பது அடுத்த கேள்வி. அவற்றை எடுத்தால், ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ வேண்டிய மாறுதல் ஒரே இரவில் நிகழ்ந்துவிடும். எலும்பும் இருதயமும் முன்கூட்டியே பலவீனமடையும். கையெழுத்துப் போடுமுன் வேறொரு வைத்தியரையும் கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது.

சுரப்பு மருந்தைப் பற்றி மேனாட்டாரே இரண்டுமுறை மனம் மாறியிருக்கிறார்கள். முதலில் எல்லோருக்கும் நல்லது என்றார்கள். 2002இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சியொன்று, மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சிறிது கூடுவதாகக் கண்டு பாதியில் நிறுத்தப்பட்டது. உலகமே அஞ்சி மருந்தைக் கைவிட்டது. அந்த ஆராய்ச்சியிற் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பின்னரே நிதானமாகக் கவனித்தார்கள். அறுபதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாமல், அனலும் உறக்கமின்மையும் தாங்கமுடியாமற் போனவர்களிற் பெரும்பாலோருக்குத் தீமையைவிட நன்மையே அதிகம் என்பது இன்றைய வைத்தியர்களின் முடிவு. மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கும், இரத்தக்கட்டி, ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. கடையிலே பெயர் சொல்லி வாங்கும் மருந்தும் அன்று.

எலும்பின் சங்கதி வேறு. அது வலித்துக் காட்டாது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறியும்போதுதான் தெரியும். மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டிலே அது விரைந்து தேய்கிறது. விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனிக் கிழங்கு இந்தச் சீமையின் பசியைத் தீர்த்தது உண்மை. ஆனால் அதிலிருப்பது பெரும்பாலும் மாவுச்சத்தே. அதனோடு முள்ளும் சேர்த்து மெல்லும் நெத்திலியும் சாளையும் இருந்தால் எலும்புக்கு ஆகாரம் ஆயிற்று. மரக்கறி உண்போருக்குக் கேழ்வரகும், எள்ளும், மோரும், உளுந்தும் இருக்கின்றன. நம் வீடுகளில் மீனின் நடுத்துண்டு ஆண்களுக்கும், தயிர் பிள்ளைகளுக்கும் போய், கடைசியிற் சட்டியைத் துடைத்து உண்பவள் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காலை வெயிலிலே நடப்பதும் எலும்புக்கு உரமே. குமாரகோவில் படிகளை ஏறி இறங்கும் பெண்கள், முருகன் அருளோடு இதையும் சேர்த்துப் பெறுகிறார்கள்.

நாற்பதுக்கு மேல் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்பாருக்கு இரு பெண்மணிகளைக் காட்டுவோம். 1886 ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார். மூன்றாம் நாள், ஆகஸ்டு 2இல், திருவிதாங்கூரிலே மேரி புன்னன் லூக்கோஸ் பிறந்தார். இருவரும் வைத்தியரானார்கள். மேரி அம்மையார் திருவிதாங்கூர் முழுமைக்கும் தலைமை வைத்திய அதிகாரியானது 1938இல், ஐம்பத்திரண்டாம் வயதில். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. முத்துலட்சுமி அம்மையார் அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் திறந்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது.

வைத்தியசாலைகளுக்குப் பஞ்சமில்லாத சீமை இது. நெய்யூர் மருத்துவமனை 1838இல் தொடங்கியது. தக்கலையில் அரசினர் மருத்துவமனை இருக்கிறது. ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலே முப்பது வயது கடந்த மாதருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் இலவசமாகச் சோதனை செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். வரும்போது "அவருக்குப் பாருங்கள்" என்று கணவரை முன்னே தள்ளிவிட்டு அடுக்களைக்குள் போய்விடும் அம்மாமார்கள் தங்கள் கையையும் நீட்டட்டும். ஈஸ்ட்ரோஜனின் காவல் போனபின் இருதயநோய் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் நெருங்குகிறது.

வைத்தியரிடம் போனால் அவர் கேட்கும் முதற் கேள்வி, "கடைசியாக எப்போது வந்தது?" என்பதே. "நவராத்திரிக்கு முன்னேயோ பின்னேயோ" என்ற விடையால் அவருக்குப் பயனில்லை. பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதும் காலண்டர் அடுக்களைச் சுவரிலே தொங்குகிறதல்லவா? அதே தாளில், தேதியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டு வைத்தாற் போதும்.