நூறுக்கு ஆறு விடை

சென்ற வாரம் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி கண் கலங்கி நின்றாள். ‘கூட்டினால் 100 வரும் இரண்டு பகா எண்களை எழுதுக’ என்பது கேள்வி. நோட்டில் கணக்குப் போட்டு, 47, 53 என்று கணினியில் தட்டியிருக்கிறாள். கணினி ‘தவறு’ என்றது. தாள் கிழியும்வரை அழிப்பானால் அழித்துவிட்டாள். “கணினியே சொல்லுதே, ஐயா!” என்றாள்.

குற்றவாளி யார் தெரியுமா? சாட்சாத் இந்த வாத்தியார்தான். திருத்தும் வேலை குறையட்டுமே என்று பைத்தான் மொழியில் நானே ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். என் விடையான 3, 97ஐ மட்டும் அதில் பதித்துவிட்டு, பிள்ளைகளின் விடையை அதோடு ஒப்பிடச் சொல்லியிருந்தேன். 97, 3 என்று மாற்றிப் போட்டால்கூடத் தவறுதான்! ஆனால் நூறுக்கு ஆறு விடை உண்டு: 3-97, 11-89, 17-83, 29-71, 41-59, 47-53.

ஆறையும் பதித்துவிடலாமே என்பீர்கள். நாளைக்கு ஆயிரத்தைக் கேட்டால் என்ன செய்வது? (2க்கு மேற்பட்ட எல்லா இரட்டை எண்களையும் இப்படிப் பிரிக்க முடியுமா என்று 1742இல் கோல்ட்பாக்கும் ஆய்லரும் கடிதத்தில் பேசிக்கொண்டார்கள். இன்னும் யாரும் நிரூபித்தபாடில்லை!) ஆகவே, விடையை ஒப்பிடுவதை விட்டு, கேள்வியின் நிபந்தனைகளைச் சோதிக்கச் சொன்னேன். எண்கள் இரண்டா? கூட்டினால் 100 வருகிறதா? இரண்டும் பகா எண்களா? நூறுக்குள் என்றால் 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தாலே போதும்.

அன்றிரவே எழுதி ஓட்டினேன். என் சொந்த விடையையே தள்ளிவிட்டது, போங்கள்! 3 மூன்றால் வகுபடுகிறதாம். ‘தன்னைத் தவிர’ என்பதை எழுத மறந்திருக்கிறேன். 1ஐக் கொடுத்தால், எதனாலும் வகுபடவில்லை, பகா எண்தான் என்றது. இரண்டையும் சரிசெய்து, ஆறு சோடிகளையும் முன்பின்னாக மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது. ஆளை ஏமாற்றும் 49-51, 43-57 இரண்டையும் கொடுத்தேன். தள்ளியது. அதன் பிறகே படுக்கப் போனேன்.

மறுநாள் எல்லாருடைய விடைகளையும் மீண்டும் ஓட்டியதில், அந்தச் சிறுமியோடு இன்னும் நால்வருக்குப் புள்ளி கூடியது. வகுப்பில் தவறு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்த தாளின் பின்னால் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அதன்மேல் 47, 53 என்று அழுத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.