பழைய பவர் டில்லர் வாங்குவது தகுமா?

சந்தையில் மாடு பிடிக்கச் செல்லும் விவசாயி பல்லைப் பிடித்து வயதைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடத்திப் பார்க்கிறார், இயலுமானால் நுகத்தில் பூட்டியும் பார்க்கிறார். பழைய தறி வாங்கச் செல்லும் நெசவாளர், பலகையில் அமர்ந்து மிதியை மிதித்து, நாடாவை நாலு முறை ஓட்டிப் பாராமல் முன்பணம் கொடுப்பதில்லை. இத்துணை விழிப்புள்ள நம் அங்கத்தினர்கள், பழைய யந்திரம் என்று வரும்போது மட்டும், புதிதாகப் பூசிய வர்ணத்தைக் கண்டும், விற்பவர் வாய்ச்சொல்லைக் கேட்டும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். பிறர் மீது குறை காணும் நோக்கத்தால் அன்று. குறையில் நமக்கும் பங்கு உண்டு என்பதனால்.

நெசவும் நெல்லும் அடுத்தடுத்து வாழும் ஆரணிப் பகுதியில், ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர்; வீட்டில் பட்டுத்தறி இரண்டு, மனைவியின் பெயரில் நஞ்சை இரண்டு ஏக்கர். தாம் பேசி வைத்திருந்த பழைய டில்லரைக் காட்ட நம்மை அழைத்துச் சென்றார். ஹாண்டிலைச் சுழற்றியவுடன் எஞ்சின் பிடித்துக்கொண்டது. “சார், எப்படி இருக்கு?” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், “ஓசை நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். படித்தவர், அதிகாரி, அவரே சொல்லிவிட்டார் என்ற துணிவில், மறுநாளே மனைவியின் நகைகள் சங்கத்தில் அடகுக்கு வந்தன.

சேறடிக்கத் தொடங்கிய சில நாட்களில் டில்லர் வயலின் நடுவே நின்றது. கியர்ப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தது. பழுது பார்த்து முடிவதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டது. அவர் பட்டறைக்கும் வயலுக்குமாக அலைந்த நாட்களில் தறியில் பாவு அப்படியே நின்றது. அடுத்த முறை சென்றபோது அவர் நம்மைக் குறை கூறவில்லை; மோர் கொடுத்து உபசரித்தார். அதுவே நமக்கு அதிக வேதனை தந்தது. நாம் போகுமுன்பே அந்த எஞ்சின் சூடாக இருந்ததா என்று ஒரு கணம் தொட்டுப் பார்த்தோமில்லை.

இதனால் பழைய டில்லரே வேண்டாம் என்று நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. இதன் சிறப்புகள் பல. சிறு வரப்புகளுக்கிடையே டிராக்டர் திரும்ப முடியாத மூலைகளிலும் இது திரும்பும். ரோட்டரியுடன் ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ எடைதான் இருப்பதால், டிராக்டர் புதையும் சேற்றிலும் இது வேலை செய்யும். ஒரே சிலிண்டர் கொண்ட எளிய டீசல் எஞ்சின். பெரும்பாலானவற்றைக் கையாலேயே கிளப்பலாம். உழவில்லாத நாளில் டிரெய்லர் இழுக்கும். பெல்ட் மாட்டினால் நீர் இறைக்கும். பெங்களூரில் 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி., கேரளத்தில் 1973-இல் தொடங்கிய காம்கோ ஆகியவற்றின் டில்லர்கள் நெடுங்காலமாக நம் வயல்களில் உழைத்து வருகின்றன. ஆகவே இவற்றின் வேலை தெரிந்த மெக்கானிக்குகளைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றிப் பேணப்பட்ட டில்லர், பல பருவங்கள் உழைத்த பின்னும் நம்பத்தக்கதே.

குறைகளும் உண்டு. முதலாவது, உடலுழைப்பு. ரோட்டரி 60 சென்டிமீட்டர் அகலம் உழுவதாகக் கொண்டால், ஒரு ஏக்கரை ஒரு முறை உழுது முடிக்க ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர் அதன் பின்னே நடக்க வேண்டும். கை அதிர்வு வேறு. நாள் முழுதும் தறியில் காலும் கையும் உழைத்தவர் இதனைச் சிந்திக்க வேண்டும். இரண்டாவது, சேறு. சேற்றில் உழைக்கும் யந்திரத்துக்குச் சேறே முதற் பகை. ஆயில் சீல் தேய்ந்தால் நீர் உட்புகும். நீர் புகுந்த எண்ணெய் பற்சக்கரங்களையும் பேரிங்குகளையும் காக்காது. மூன்றாவது, தூசி. ஏர் கிளீனரைக் கவனியாது விட்டால் தூசி சிலிண்டருக்குள் சென்று பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். இந்தத் தேய்மானம் எதுவும் வெளியே தெரிவதில்லை. வர்ணம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஆதலின் வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்லுங்கள். சொல்லாமல் செல்வது இன்னும் நன்று. முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாயிருந்தால் மறுநாள் வருவதாகக் கூறித் திரும்பிவிடுங்கள். தேய்ந்த எஞ்சினும் சூட்டில் எளிதாகக் கிளம்பும். விடியற்காலைக் குளிரில்தான் அதன் உண்மை வெளிப்படும். கிளப்புமுன் ஹாண்டிலை மெல்லச் சுற்றினால் கையை எதிர்த்துத் தள்ளும் பலம் தெரிய வேண்டும். தடையின்றிச் சுழன்றால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கக்கூடும்.

கிளம்பிய பின் புகையைப் பாருங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். சுமையில்லாதபோதும் கரும்புகை வந்தால் இன்ஜெக்டரிலோ காற்று வழியிலோ கோளாறு. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது நீர் உட்புகுகிறது. குளிர்விக்கும் நீரில் ஓயாது குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் மீது ஐயம் கொள்ளலாம். ஆனால் சூடான எஞ்சினில் நீர் மூடியைத் திறக்கலாகாது, வெந்நீர் பீறிடும்.

பிறகு கியர்ப்பெட்டி. வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கரண்டி எண்ணெய் எடுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. இரும்புத் துகள் மின்னினால் பற்சக்கரம் தேய்ந்துள்ளது. நம் அங்கத்தினரின் டில்லரில் இந்த ஒரு கரண்டி எண்ணெயை எடுத்துப் பார்த்திருந்தால் நகை வீட்டிலேயே இருந்திருக்கும். ஏர் கிளீனர் கிண்ணத்தையும் கழற்றுங்கள். உள்ளே சேறாகப் படிந்திருந்தால், முன்னைய உடையவர் யந்திரத்தை எவ்வாறு வைத்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பெல்ட்டுகளைப் புதிதாக மாற்றியிருக்கலாம். அவை ஓடும் கப்பியின் பள்ளங்களைப் பாருங்கள். பெல்ட் அடிவரை அமிழ்ந்து, அடிப்பள்ளம் பளபளத்தால் கப்பியே தேய்ந்தது என அறியலாம். ரோட்டரியின் தண்டைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். கத்தி மாட்டும் இடங்களில் வெல்டிங் செய்த வடு உண்டா என்று நோக்குங்கள். கத்தி தேய்வது இயல்பு, மாற்றிக்கொள்ளலாம்; தண்டு தளர்ந்தால் செலவு பெரிது. இருபுறத் திருப்பு கிளட்ச்சுகளும் பிடித்தவுடன் விடுபட்டு, விட்டவுடன் சேர வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் இந்தக் கிளட்ச்சைப் பிடித்தால் டில்லர் எதிர்ப்புறம் திரும்பும் என்பதைப் புதிதாக ஓட்டுவோர் மறக்கலாகாது. உயிருக்கே அபாயம் விளையக்கூடும்.

முடிவாக, ஒரு மணி நேரமாவது சேற்றில் ஓட்டிப் பாருங்கள். அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் நாம் பேச வேண்டியது எதுவுமில்லை.

யந்திரம் தேறினாலும் தாள்களைப் பார்க்க வேண்டும். அசல் பில்லிலுள்ள எஞ்சின் எண்ணும் யந்திரத்தில் பொறித்த எண்ணும் ஒன்றா? அதன்மீது கடன் நிலுவை உண்டா? மானியத்தில் பெற்றதாயின், விற்பதற்குத் தடை ஏதும் உண்டா? இறக்குமதியான டில்லராயின் உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் கடையிலேயே விசாரியுங்கள். டில்லர் இறக்குமதிக்கு மத்திய அரசாங்கம் 2020 ஜூலையில் கட்டுப்பாடு விதித்துள்ளது.

இனிக் கணக்கு. பழைய டில்லரின் விலை என்பது விற்பவர் கேட்கும் தொகை மட்டுமன்று. உடனே செய்ய வேண்டிய பழுதுகளின் செலவை மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி அதனுடன் கூட்டுங்கள். அந்தத் தொகையைப் புதியதன் மானியம் போன விலையோடு ஒப்பிடுங்கள். 2014–15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் புதிய டில்லருக்கு மானியம் வகுக்கப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு 50 விழுக்காடு என்பது அதன் விதி. நிலம் மனைவியின் பெயரில் இருந்தும், அந்த வழியை நம் அங்கத்தினர் விசாரிக்கவே இல்லை, நாமும் சொல்லவில்லை. மேலும், இரண்டு ஏக்கருக்கு ஆண்டில் எத்தனை நாள் உழவு? பத்து நாளைத் தாண்டுவது அரிது. மற்ற நாட்களில் கொட்டகையில் துருப்பிடிக்கும் யந்திரத்துக்காக வட்டி கட்டுவதைவிட, வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ, யந்திரம் வைத்திருக்கும் சங்கத்திடமோ வாடகைக்கு எடுப்பது பலருக்கு இலாபமாகும்.

இவற்றையெல்லாம் தனியொருவர் செய்வது கடினம் என்பதை அறிவோம். விற்பவர் முன்னிலையில் கியர்ப்பெட்டியைத் திறக்கச் சொல்லப் பலருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைப் போக்கவல்லது கூட்டுறவே. ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கினால் செலவு பங்காகும். பத்து நாள் வேலை ஐம்பது நாளாகும். பார்க்கும் கண்களும் ஐந்து மடங்காகும். யார் எத்தனை மணி ஓட்டினார், என்று எண்ணெய் மாற்றினார் என்பதற்கு ஒரு நோட்டு வைத்தால் சச்சரவும் எழாது.

நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அங்கத்தினர் பழைய யந்திரம் வாங்கக் கடன் கேட்டால், தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரின் எழுத்து மூலமான அறிக்கையும், வயலில் ஓட்டிப் பார்த்ததற்குக் குழுவினர் ஒருவரின் கையொப்பமும் இன்றி வழங்க வேண்டாம். நகை ஈடு இருக்கிறதே, சங்கத்துக்கு நஷ்டமில்லையே என்று எண்ணுவது கூட்டுறவுக்கு அழகன்று. ஈடு சங்கத்தின் பணத்தைக் காக்கும். அங்கத்தினரை யார் காப்பது?

நாமும் நமக்கு ஒரு விதி செய்துகொண்டோம். யந்திரத்தைக் காட்டி எவரேனும் கருத்துக் கேட்டால், எஞ்சினைத் தொட்டுப் பாராமல் வாய் திறப்பதில்லை. பஸ் போனால் போகட்டும்.