மேடையில் மிஞ்சியது மணிக்கட்டுக்கு

சாலிட் சர்பேஸ் என்னும் செயற்கைப் பலகையில் போட்ட சமையல் மேடையில் சிங்க் பதிக்கிற அன்றைக்கு ஒரு பெரிய துண்டு மிஞ்சும். பலகையின் நட்டநடுவிலிருந்து வெட்டியெடுத்தது. கீறல் கிடையாது, மூலை உடைந்திருக்காது. ஆனாலும் மேடை போடுகிறவருக்கு அது குப்பை. சென்னையிலோ கோவையிலோ என்றால் யாராவது ஒருவர் கேட்டு வாங்கிப் போவார். போர்ட் பிளேருக்கு, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அந்தப் பலகை சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வந்திருக்கிறது. கப்பல் கூலி கொடுத்து இறக்கிய சரக்கில் ஒரு பங்கு ப்ரூக்ஷாபாத் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கே அது மக்கப் போவதும் இல்லை.

அந்தத் துண்டை லேத்தில் ஏற்றி வளையலும் காப்பும் கடையலாம் என்பது புது யோசனை இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்கள் பல காலமாகவே பேனா, வளையல், பாட்டில் மூடி எல்லாம் இதில் கடைகிறார்கள். அந்தமானில் இந்த யோசனைக்குக் கூடுதல் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுகிறோம். எங்கள் கட்சி இதுதான்: இந்தப் பொருளை அதன் குணம் தெரிந்து அதுவாகவே நடத்த வேண்டும். மரம் என்று நினைத்துக் கடைந்தால் வேலை கெடும், கடைபவரின் நெஞ்சும் கெடும். சங்கு என்று சொல்லி விற்றால் பட்டறையின் பெயர் கெடும்.

தீவின் கடைசல்காரருக்கு இரண்டு பொருள்கள் கைவந்தவை: படாக் மரம், கடல் சிப்பி. சாத்தம் மர அறுவை ஆலை 1883-இல் தொடங்கிய நாளிலிருந்து படாக்கின் சிவப்புதான் அந்தமான் தச்சு வேலையின் அடையாளம். 2002-இல் சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி உச்ச நீதிமன்றம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தீவிலிருந்து மரம் வெளியே போகும் வணிகமும் அதோடு அடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001-இல், பவளங்களும் நாட்டிலஸும் பெருஞ்சிப்பி வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைக்குள் வந்தன. பொத்தான் தொழிலுக்குப் பேர்போன ட்ரோக்கஸும் பச்சை டர்போவும்கூட அதில் சேர்ந்தன. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு அட்டவணைகள் மறுபடி அடுக்கப்பட்டதால், எந்தச் சிப்பியில் உளி வைக்கலாம் என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். இவை எல்லாம் நியாயமான தடைகள். காடும் பவளத்திட்டும் போனபின் தீவில் தொழில் என்று எதுவும் மிஞ்சாது. ஆனால் லேத் சும்மா நிற்கக் கூடாது என்றால் வேறு பொருள் வேண்டும்.

சாலிட் சர்பேஸ் பலகையை டூபாண்ட் நிறுவனத்தின் டொனால்ட் ஸ்லோகம் 1967-இல் உருவாக்கினார். கொரியன் என்ற பெயரில் அது வந்தது. பிறகு ஹைமேக்ஸ், ஸ்டாரன் என்று போட்டியாளர்கள் வந்தாலும் நம் ஊர் மேடைக்காரர்களுக்கு எல்லாமே கொரியன்தான். உள்ளே இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின்; மீதி இரண்டு பங்கு அலுமினா ட்ரைஹைட்ரேட் என்னும் வெள்ளைத் தாதுப்பொடி. நிறம் மேற்பூச்சாக இல்லாமல் பலகையின் கனம் முழுக்க ஓடும். வழக்கமான கனம் 12 மில்லிமீட்டர்.

வளையல் கடைகிறவருக்கு இதில் பெரிய லாபம், இதற்கு ரேகை கிடையாது என்பது. மரப்பலகையில் ஒரு வளையத்தைக் கடைந்தால் இரண்டு இடங்களில் ரேகை வளையத்தின் குறுக்கே ஓடும். கீழே விழுந்தால் அந்த இரண்டு இடத்தில்தான் பிளக்கும். தீவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அந்த ஈரத்தில் வட்டமாகக் கடைந்த மரவளையல் கொஞ்ச நாளில் நீள்வட்டமாகும். சாலிட் சர்பேஸ் வளையம் எல்லாப் பக்கமும் ஒரே பலம். மழைக்கும் வெயிலுக்கும் கோணாது. ஆனால் மரத்தைப் போல வளைந்து கொடுக்கவும் செய்யாது. சுவர் 4 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்தால் டைல்ஸ் தரையில் ஒரு தடவை விழுந்தாலே முடிந்தது. 6 முதல் 8 மில்லிமீட்டர் வைத்து, உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் நன்றாக உருட்டிவிடுவது நல்லது.

வெட்டுவதற்கு முன் கையில் இருப்பது இன்னதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லும் மேடைக்குத்தான் வருகிறது; பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஓரத்தில் கூர்மையான உளியை அழுத்தி இழுத்தால் சாலிட் சர்பேஸ் சுருளாகவோ வெள்ளைப் பொடியாகவோ சீவிக்கொண்டு வரும். குவார்ட்ஸில் உளி வழுக்கும், முனைதான் மழுங்கும். தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: அதே அளவுத் துண்டு குவார்ட்ஸில் கணிசமாகக் கனக்கும். குவார்ட்ஸ் என்று சந்தேகம் வந்தால்கூட லேத்தில் ஏற்றாதீர்கள். அதில் 90 விழுக்காட்டுக்கு மேல்கூட சிலிகா இருக்கலாம். அதை வெட்டிய தொழிலாளர்கள் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வந்து சாய்ந்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல் மேடைகளையே தடை செய்தது.

இனி வேலை. 60-க்கு 45 சென்டிமீட்டர் சிங்க் துண்டு ஒன்றில் 85 மில்லிமீட்டர் சதுரங்களாக அறுத்தால், ரம்பம் தின்பது போக 30 வரை தேறும். மூலை வளைவாக இருந்தால் ஒன்றிரண்டு குறையும். இரண்டிரண்டாக ஒட்டினால் 24 மில்லிமீட்டர் அகலத்தில் 15 காப்பு. ஒட்டுவதற்குப் பலகையோடு வரும் அக்ரிலிக் பசைதான் சரி. பெவிக்விக் மாதிரிப் பசை அவசரத்துக்குப் பிடிக்கும், அடி தாங்காது. இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, கிளாம்பை மிதமாக முறுக்குங்கள். இறுக்கிப் பிழிந்தால் பசை எல்லாம் வெளியே வந்து மூட்டு வறண்டுவிடும். பசையின் நெடி போகக் காற்றோட்டம் வேண்டும்.

உள்விட்டத்தை வளையல் கடைக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும். ரெண்டு நாலு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலும், அதாவது 57.2 மில்லிமீட்டர். ரெண்டு ஆறு 60.3, ரெண்டு எட்டு 63.5, ரெண்டு பத்து 66.7. கண்ணாடி வளையல் அளவையே தடித்த காப்புக்கும் வைத்தால் கை நுழையாது. அகலமான வளையத்துக்கு ஒரு அளவு கூட்டிப் போடுங்கள். நடுவட்டத்தைச் சீவித் தள்ளாமல் வெட்டி எடுத்தால் அந்த வில்லையில் பதக்கமோ பொத்தானோ செய்யலாம்.

லேத்தில் இந்தப் பொருளின் எதிரி சூடு. அரக்குக் கடைசல் பழகியவர்கள் இதைத் தனியாக மனத்தில் வாங்க வேண்டும். சன்னபட்டணத்திலும் ஏட்டிக்கொப்பாக்காவிலும் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள்; உராய்வுச் சூட்டில்தான் நிறம் இளகி ஏறுகிறது. அங்கே அழுத்தினால் மெருகு. இங்கே அழுத்தினால் அக்ரிலிக் இளகி உளி முனையில் அப்பிக்கொள்ளும், பரப்பு மங்கும், சில சமயம் ஒட்டிய மூட்டே விட்டுப்போகும். ஆகவே நிமிடத்துக்கு 800 முதல் 1,000 சுற்று, கூரான உளி, மெல்லிய சீவல். முனை கொஞ்சம் கீழ்நோக்கி நிற்கும் சுரண்டு உளி இதற்கு நன்றாக வரும். கார்பைடு முனை இருந்தால் அடிக்கடி தீட்டும் வேலை மிச்சம். வளையத்தைச் சக்கில் நேரடியாக இறுக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் விரிசல் விழும். கழிவு மரக்கட்டை ஒன்றை வளையத்துக்கு ஏற்றபடி கடைந்து அதில் சொருகிப் பிடிப்பது பத்திரம்.

மெருகு ஏற்றும்போது தண்ணீர் கட்டாயம். 220-இல் தொடங்கி 400, 600, 1,000 என்று ஈர உப்புத்தாளால் ஏறிப்போனால் சூடும் அடங்கும், தூசியும் பறக்காது. வெள்ளையில் தெரியாத கீறல் கறுப்பிலும் கரும்பச்சையிலும் பளிச்சென்று தெரியும். அடர் நிறம் எடுத்தால் கூடுதல் நேரத்தைக் கூலியில் சேருங்கள். தீவின் உப்புக்காற்றில் லேத் படுக்கை ஏற்கெனவே துருப்பிடிக்கக் காத்திருக்கிறது. பிளாஸ்டிக் விரித்து, தெளிப்பு பாட்டிலால் மட்டும் நனைத்து, வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடுங்கள். மோட்டார் இணைப்பில் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் ஈர வேலை வேண்டாம்.

படாக்கோடு சேர்த்து ஒட்டி இருநிறக் காப்பு செய்ய ஆசை வரும். அழகுதான். ஆனால் படாக் மழைக்கு ஊதும், பலகை ஊதாது. மரத்தை 2, 3 மில்லிமீட்டர் பட்டையாக மட்டும் நடுவில் வைத்து, நன்கு காய்ந்த மரமாகப் பார்த்து எபாக்ஸியில் ஒட்டினால்தான் மூட்டு நிற்கும்.

இப்போது தூசி. பலரும் சொல்வது: 'இதில் சிலிகா இல்லை, பிறகென்ன பயம்?' சிலிகா இல்லை என்பது சரி. ஆனால் 2014-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு தொழிலாளியைப் பற்றி எழுதினார்கள். 16 ஆண்டுகள் கொரியனை அறுத்தும் தேய்த்தும் வேலை செய்தவர். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போனது. அவருடைய நுரையீரலில் இருந்த துகள்களில் அலுமினியம் காணப்பட்டது. அவர் பட்டறைத் தூசியிலும் அதுவே இருந்தது. இது ஒரே ஒருவரின் கதை. தூசிதான் காரணம் என்று அந்த மருத்துவர்களே அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நடந்த ஆய்வக அறுவைச் சோதனைகளிலும் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்தூசி கிளம்புவதும், அதில் பெரும்பகுதி அலுமினா ட்ரைஹைட்ரேட் என்பதும் தெரியவந்தது. நமக்கு இது போதும். நிரூபணம் வரும்வரை காத்திருப்பது மருத்துவரின் வேலையாக இருக்கலாம். மூச்சுவிடுகிறவருக்கு அது கட்டாது.

மேடை போடுகிறவர் திறந்த இடத்தில் நாலு வெட்டு வெட்டிவிட்டுப் போகிறார். நம்மவர் தகரக் கொட்டகைக்குள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நாள் முழுக்கக் கடைகிறார். கைக்குட்டை கட்டுவது கண்துடைப்பு. லேத்துக்குப் பக்கத்திலேயே வாய் வைத்த தூசி உறிஞ்சி, அதில் நுண்வடிகட்டி, முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 முகமூடி, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. இவ்வளவும் வேண்டும். தாடி இருந்தால் முகமூடி பொருந்தாது. வீட்டுத் திண்ணையில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை கூடவே கூடாது. படாக் தூசியும் மூக்கையும் தோலையும் அரிக்கும் என்பது பழைய கைகளுக்குத் தெரியும். அதை இத்தனை காலம் சகித்தோம் என்பது இதையும் சகிக்கக் காரணம் ஆகாது.

விற்பனைக்கு வருவோம். வெள்ளைத் துண்டில் கடைந்து மெருகேற்றிய வளையல் பார்வைக்குச் சங்கு வளையலே. அபர்டீன் பஜாருக்கு வரும் சுற்றுலாப் பயணி 'சிப்பியா?' என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டினால் விலை கூடும். ஆசை அங்கேதான் வரும். தீவில் குடியேறிய வங்காளிகள் தொகை பெரிது; மணமான வங்காளிப் பெண்ணுக்குச் சங்கு வளையல் தாலிக்குச் சமானம். அந்தச் சங்குக்கும் நமக்கும் உறவு பழையது: மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த சங்கு வங்காளம் போய் வளையலாகும் வணிகத்தை ஜேம்ஸ் ஹார்னெல் 1914-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். கொற்கை அகழாய்விலும் சங்கு அறுத்த மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றின் இடத்தில் பிசின் வளையலைச் சங்கு என்று கொடுப்பது வெறும் கலப்படம் இல்லை, ஒருவருடைய நம்பிக்கையில் கைவைப்பது.

சட்டப்படியும் அது கையைக் கடிக்கும். சிப்பி என்று சொல்லி விற்ற வளையலைப் பயணி விமான நிலையத்தில் காட்டினால், தடை செய்யப்பட்ட கடல் பொருளோ என்ற கேள்வி வரும். மாறாக, 'சமையல் மேடைப் பலகையின் மிச்சத்தில் கடைந்தது, அக்ரிலிக், தாதுப்பொடி, சிப்பியோ பவளமோ இல்லை' என்று ஒரு சீட்டு கட்டியிருந்தால் அதுவே விளம்பரம். பவளத்தைத் தொடாமல் செய்த தீவு நினைவுப்பொருள் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொய் தேவையில்லை.

சிங்க் துண்டு இலவசம் என்பதால் வளையலை மலிவாகப் போடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பொருள் இலவசமே தவிர, பசை, உப்புத்தாள், வடிகட்டி, முகமூடி, மெருகுக்குப் போகும் நேரம் எதுவும் இலவசம் இல்லை. லேத்தை முடுக்குவதற்கு முன்பே தூசி உறிஞ்சி பட்டறைக்கு வந்திருக்க வேண்டும்; அதன் விலையை முதல் நூறு வளையலில் பிரித்துச் சேர்த்துப் பாருங்கள். அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தால் தொழிலில் இறங்குங்கள். இல்லை என்றால், அந்தத் துண்டை மேடைக்காரரிடமே விட்டுவிட்டு வருவதுதான் லாபம்.