சிரிப்பு எழுதுகிறவர் கையில் நம்ம கரடி

ரசிகர்களுக்குள்ளே அலுக்காமல் நடக்கிற சண்டை ஒன்று இருக்கு. பல வருஷமாக எல்லாரும் கொண்டாடின ஒரு கதையைப் படமாகவோ தொடராகவோ எடுக்கப்போறதாக அறிவிப்பு வரும். எழுதப்போவது யார் என்று பார்த்தால், அதுவரைக்கும் காமெடி எழுதிக்கொண்டிருந்த ஒருத்தர். அவ்வளவுதான். "இவரா? நம்ம கதையைக் கேலிக்கூத்தா ஆக்கிடுவாரே" என்று ஒரு கோஷ்டி. "முதல்ல பாருங்க, அப்புறம் திட்டுங்க" என்று இன்னொரு கோஷ்டி.

நம்ம வீட்டுப் பெரிய பிள்ளைகள் இந்தச் சண்டையில் ஏதாவது ஒரு பக்கம் இருப்பார்கள். உண்மையைச் சொல்லணும்னா நாமும்தான். நம்மில் நிறையப் பேர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பா அம்மா வேலையிலிருந்து திரும்பும் வரைக்கும் டிவி முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். ஸ்கூபி-டூவும் ஸ்டார் ட்ரெக்கும் பேடிங்டனும் அப்பா அம்மாவுக்குப் பெயர் கூடத் தெரியாத நம்ம சொந்தக்காரர்கள். அவர்களை யாரோ ஒருத்தர் கையில் எடுக்கிறார் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

கிரேக் மேசினை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்கேரி மூவி' வரிசையில் மூன்றாவதும் நான்காவதும், 'ஹேங்ஓவர்' வரிசையில் இரண்டாவதும் மூன்றாவதும் எழுதியதில் இவருக்குப் பங்கு உண்டு. குடித்துவிட்டு நினைவு தப்பின ஆட்களை வைத்து எழுதினவர், 2019இல் செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி ஐந்து பகுதித் தொடர் எழுதினார். சிரிப்புக்கு இடமே இல்லாத கதை. அதற்கு எம்மி விருது. பிறகு 2023இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'. அது 2013இல் வந்த வீடியோ கேம். விளையாடினவர்களுக்கு வேதம் மாதிரி. மேசின் அந்தக் கேமை உருவாக்கின நீல் டிரக்மனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினார். மூன்றாவது பகுதியில் கேமிலிருந்து துணிந்து விலகி, இரண்டு ஆண்கள் சேர்ந்து வயதாகிற ஒரு முழு வாழ்க்கையைக் காட்டினார். அதில் நடித்த நிக் ஆஃபர்மன் கூட 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' என்ற காமெடித் தொடரால் பெயர் வாங்கினவர்தான். அவருக்கும் எம்மி கிடைத்தது. அந்தப் பகுதியைப் பார்த்து அழாதவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

சைமன் பெக் கதை வேற மாதிரி. 'ஷான் ஆஃப் த டெட்' படத்தை எழுதி நடித்தவர். ஸ்டார் ட்ரெக் புதுப் படங்களில் ஸ்காட்டியாக நடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது படத்துக்கு முதலில் எழுதிய கதையை ஸ்டுடியோ ஓரம் கட்டிய பிறகு, டக் ஜங்கோடு சேர்ந்து எழுதும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. 2015 டிசம்பரில் முன்னோட்டம் வந்தது. பீஸ்டி பாய்ஸ் பாட்டு, மோட்டார் பைக், குட்டிக்கரணம். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். பெக்குக்கே அந்த முன்னோட்டம் பிடிக்கவில்லை, அதை வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் 2016இல் படம் வந்தபோது உள்ளே இருந்தது வேற சமாச்சாரம். ஒரு வல்கன் கல்லுக்குப் பெயர் வேணும் என்று, ரசிகர்கள் நடத்துகிற ஸ்டார் ட்ரெக் கலைக்களஞ்சியமான மெமரி ஆல்பா ஆட்களிடமே கேட்டு வாங்கியிருக்கிறார் மனுஷன். அதற்கு முந்தின வருஷம் இறந்துபோன லெனார்ட் நிமாயை நினைவுகூரும் இடத்தில், பழைய குழுவின் படம் ஒன்று வரும். ஒரு வசனமும் இல்லை. அதை அங்கே வைக்கத் தோன்றுவது ரசிகனுக்குத்தான்.

சரி, பேடிங்டனுக்கு வருவோம். நான் நின்று பேச விரும்புவது இங்கேதான்.

மைக்கேல் பாண்ட் முதல் புத்தகத்தை வெளியிட்டது 1958இல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், கடையில் தனியாகக் கிடந்த ஒரு பொம்மைக் கரடியை மனைவிக்கு வாங்கினார். அதிலிருந்து பிறந்த கதை. பெருவிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்து, கழுத்தில் ஒரு சீட்டோடு லண்டன் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் கரடி. அந்தச் சீட்டு சும்மா வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்திலிருந்து ரயிலேற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் கழுத்தில் பெயர்ச்சீட்டு தொங்கும். பாண்டின் மனதில் இருந்த பிம்பம் அது. கரடியின் நண்பர் குரூபர் ஹங்கேரியிலிருந்து வந்த அகதி. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஹார்வி உன்னா என்பவர்தான் பாண்டின் ஏஜென்ட். அவரை நினைத்து எழுதின பாத்திரம் குரூபர். ஆக, சிறு பிள்ளைகளுக்கான சிரிப்புக் கதை என்று நாம் நினைத்தது, ஊரை விட்டு வந்தவர்களின் கதை. அகதியாக வந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு அந்தச் சீட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இதை 2014இல் படமாக எடுத்தவர் பால் கிங். 'தி மைட்டி பூஷ்' என்ற கிறுக்குத்தனமான காமெடித் தொடரை இயக்கியவர். கதையில் கூடவே இருந்த ஹாமிஷ் மெக்கால், மிஸ்டர் பீன் படம் எழுதினவர். முதல் படங்கள் வெளிவந்ததும் ஊரே சிரித்தது. கரடியின் முகம் பயமுறுத்துகிறது என்று திகில் பட போஸ்டர்களில் ஒட்டி விளையாடினார்கள். குரல் கொடுக்க வந்த காலின் ஃபர்த் பாதியில் விலகி, பென் விஷா வந்தார். 1976இல் பிபிசியில் வந்த ஐந்து நிமிஷப் பொம்மைத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

படம் வந்தது. சண்டை அடங்கிவிட்டது.

ஏன் என்று யோசித்தால், காமெடி எழுதுகிறவர்களுக்கு என்று ஒரு தொழில் ஒழுங்கு இருக்கு. முதலில் விதைக்கணும், அப்புறம் அறுக்கணும். சும்மா சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஒரு விஷயத்தை முதல் பத்து நிமிஷத்தில் போட்டுவிட்டு, கடைசியில் அது வெடிக்கணும். 2017இல் வந்த இரண்டாவது படத்தைப் பாருங்கள். இதை கிங்கோடு சேர்ந்து எழுதினவர் சைமன் ஃபார்னபி, நம்ம பிள்ளைகள் பார்க்கும் 'ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்' ஆள். தொடக்கத்தில் அம்மா நீச்சல் பழகுகிறாள். மகன் நீராவி ரயில் ஆசையை நண்பர்களிடம் மறைக்கிறான். மகள் பத்திரிகை நடத்துகிறாள். அப்பா நடுவயதுக் கவலையில் ஒரு வினோத யோகா பழகுகிறார். எல்லாம் வெறும் சிரிப்பு போலத்தான் இருக்கும். கடைசியில் கரடியைக் காப்பாற்ற ஒவ்வொன்றும் தேவைப்படுகிறது. யோகா உட்பட. சீரியஸாக எழுதுகிற பலர் இவ்வளவு கணக்காக எழுதுவதில்லை.

கதையின் மையமே ஒரு பிறந்தநாள் பரிசுதான். ஊரில் இருக்கும் லூசி அத்தைக்கு லண்டனைப் பார்க்க ஆசை. வர முடியாது. அதனால் லண்டனைக் காட்டும் ஒரு விரிபடப் புத்தகத்தை அனுப்ப, கரடி சில்லறை வேலை செய்து காசு சேர்க்கிறது. பிறகு என்ன ஆகும் என்று சொல்லமாட்டேன். பாட்டிக்கு விசிட்டர் விசா போட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் இணைத்து, பதில் வரும் என்று காத்திருந்த குடும்பங்கள் கடைசிக் காட்சியைத் தாண்டுவது கஷ்டம். அவ்வளவு மட்டும் சொல்கிறேன். இடையில், தானே தெருவுக்குக் காவல்காரன் என்று நியமித்துக்கொண்டு, வந்தேறிக் கரடியால்தான் ஆபத்து என்று கத்தும் மிஸ்டர் கரி வருவார். அவரைப் பார்த்து என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பழைய தெரு ஒன்றும் ஞாபகம் வந்தது.

இது எல்லாம் கேலிதான். ஆனால் யாரைப் பார்த்துக் கேலி? கரடியைப் பார்த்து இல்லை. குழாய் உடைகிறது, குளியலறை வெள்ளக்காடாகிறது, சிறைச் சீருடை எல்லாம் இளஞ்சிவப்பாகிறது. கரடி செய்கிற கூத்து ஒவ்வொன்றும் சிரிப்பு. கரடி எங்கிருந்து வந்தது என்பது ஒரு தடவை கூட சிரிப்பு இல்லை.

இந்த வித்தியாசம் நமக்கு நல்லாத் தெரியும், ஏன்னா மற்றப் பக்கத்திலும் இருந்திருக்கோம். சிம்ப்சன்ஸில் வரும் ஆபு. 1990இல் தொடங்கி அந்தக் குரலைக் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். கெட்டிக்கார எழுத்தாளர்கள் எழுதின தொடர், சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் அந்த உச்சரிப்பைச் சுமந்தது நாம். 2020இல் அந்தக் குரலை விட்டுவிடுவதாக அசாரியா அறிவித்தார். அதற்குள் நம்ம பிள்ளைகளே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். "காமெடிக்காரன் கையில் கொடுக்காதே" என்று ஒரு ரசிகர் பதறினால் எனக்கு ஏளனம் வராததற்கு இதுதான் காரணம்.

அதற்காக நம்மவர் எழுதினால் தானாகவே சரியாகிவிடும் என்றும் இல்லை. மிண்டி கேலிங்கை எல்லாருக்கும் தெரியும். அப்பா தமிழர், முழுப் பெயரில் சொக்கலிங்கம் இருக்கு. 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் கலிஃபோர்னியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தை வைத்து, அப்பாவை இழந்த ஒரு பெண்ணின் கோபத்தைச் சிரிப்போடு சொன்னவர். நம்ம மைத்ரேயி ராமகிருஷ்ணன் அதில்தான் அறிமுகம். அதே மிண்டி தயாரித்துக் குரலும் கொடுத்த 'வெல்மா' 2023இல் வந்தது. ஸ்கூபி-டூவில் கண்ணாடி போட்ட வெல்மாவைத் தெற்காசியப் பெண்ணாக ஆக்கினார்கள். உருவாக்கியவர் சார்லி கிராண்டி, இவரும் காமெடிதான். வெல்மாவின் நிறம் மாறியதற்காகத் திட்டினவர்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுத் தள்ளுங்கள். ஆனால் இன்னொரு குறை நியாயமானது என்று எனக்குப் படுகிறது. ஸ்கூபி என்ற நாயே அதில் இல்லை. பழைய தொடரைப் பிடித்தவர்களைப் பார்த்து, "இதையா ரசிச்சீங்க?" என்று கேட்கிற தொனி முழுக்க இருக்கு. நம்ம நிறத்தில் ஒரு வெல்மா வந்தாளே என்று ஆசையாக உட்கார்ந்தேன். இரண்டு பகுதிக்கு மேல் முடியவில்லை.

காமெடி எழுதுகிறவர் வெற்றி பெறுவதும் தோற்பதும் சில சமயம் அவர் கையில் கூட இல்லை. ஃபில் லார்டும் கிறிஸ் மில்லரும் 'லெகோ மூவி' எடுத்தவர்கள். ஸ்டார் வார்ஸின் 'சோலோ' படத்திலிருந்து 2017இல், படப்பிடிப்பு நடக்கும்போதே நீக்கப்பட்டார்கள். அடுத்த வருஷம் அவர்கள் தயாரித்த ஸ்பைடர்-வெர்ஸ் வந்தது, பிறகு ஆஸ்கரும் வாங்கியது. அதே ஆட்கள், அதே நகைச்சுவை. ஒரு முதலாளிக்குத் தாங்கவில்லை, இன்னொருவருக்குத் தாங்கியது.

நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 'பொன்னியின் செல்வன்' எழுதின கல்கி, ஆனந்த விகடனில் நகைச்சுவைக் கட்டுரைகளால் பெயர் வாங்கினவர். ஆழ்வார்க்கடியான் இல்லாத பொன்னியின் செல்வனை யோசித்துப் பாருங்கள். மணிரத்னம் படத்தில் ஜெயராம் வரும்போதெல்லாம் தியேட்டர் கொஞ்சம் மூச்சு விட்டதே, அது கல்கி போட்ட விதை.

என் பயம் சினிமாவைப் பற்றியது மட்டும் இல்லை. நம்ம வீட்டில் வளர்கிற இந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருத்தர் ஒருநாள் எழுத உட்காருவார்கள். இப்போதே பாட்டி போனில் கத்திப் பேசுவதை நடித்துக் காட்டுகிறார்கள். மாமா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடையைக் குறைப்பதையும்தான். பாட்டி எதிரில் இருக்கும்போது அப்படி நடித்தால் பாட்டியே முதலில் சிரிக்கிறார். பள்ளிக்கூட நண்பர்களுக்கு முன்னால் அதே நடிப்பு நடக்கும்போது எனக்கு எங்கேயோ குத்துகிறது. நடிப்பு ஒன்றுதான். சிரிக்கிறவர்கள்தான் வேற. இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தடுத்தால் பாட்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடும். நான் செய்வது இவ்வளவுதான்: "அடுத்ததா பாட்டி என்ன சொல்வாங்க?" என்று கேட்பேன். பாட்டியைத் தெரிந்த பிள்ளைக்குப் பதில் வரும்.

பள்ளி விடுமுறைக்குப் பார்க்க நினைப்பவர்களுக்கு: பேடிங்டன் முதல் இரண்டும் ஐந்து வயதிலிருந்து சரி. முதலாவதில் அடைத்துவைத்த மிருகங்களும் வில்லியும் சின்னதுகளைக் கொஞ்சம் பயமுறுத்தும், பக்கத்தில் உட்காருங்கள். 'ஸ்டார் ட்ரெக் பியாண்ட்' பத்து வயதுக்கு மேல். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பிள்ளைகளுக்கு இல்லை, அவர்கள் கேமை விளையாடியிருந்தாலும் இல்லை. 'வெல்மா' கார்ட்டூன் என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள், அது பெரியவர்களுக்கு எடுத்தது. 2024இல் வந்த 'பேடிங்டன் இன் பெரு' படத்தில் பால் கிங் இயக்கவில்லை. முதல் இரண்டு அளவுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் கரடிக்குப் பாஸ்போர்ட் கிடைக்கிற இடம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது, தாத்தாவையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.