மூன்று வயதில் பட்ட அடி

“சின்னப் பிள்ளைகளின் மூளை தானாக ஆறிவிடும். பள்ளியில் கவனம் சிதறினால் என்றோ பட்ட அடியைக் காரணம் காட்டுவது, கண்டிக்கத் தெரியாத பெற்றோரின் சாக்கு.” சென்ற இதழ்க் கட்டுரையின் சாரம் இதுதான். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓர் அப்பா என்னிடம் வந்தார். நான் தரும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு இனிப் பையனைக் கூட்டி வரப்போவதில்லை என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

பையனுக்கு ஒன்பது வயது. மூன்று வயதில், பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து போனபோது விழுந்து, நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தான். பிழைத்தான், நடந்தான், பேசினான். கண்டம் தாண்டிவிட்டது என்றார்கள் எல்லோரும். இன்று 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால், பக்கத்து 5-இடம் ஒன்று கடன் வாங்குவான். 12-இல் 7 போக 5 என்று சரியாக எழுதுவான். அதற்குள் கடன் கொடுத்த 5 இப்போது 4 என்பது மறந்துபோயிருக்கும். விடை 35. எங்கே தப்பு என்று கேட்டால் உடனே காட்டிவிடுவான். தெரியாத பிள்ளை இல்லை. தெரிந்ததை அரை நிமிடம் பிடித்துவைக்க முடியாத பிள்ளை. இதைச் சாக்கு என்று எழுத எப்படி மனம் வந்தது?

கட்டுரையாளர் மூளை ஆராய்ச்சியாளர் மார்கரெட் கென்னார்டைத் துணைக்கு இழுக்கிறார். 1930-களில் கென்னார்ட் குரங்குகளிடம் ஆராய்ந்தது, உடல் அசைவை இயக்கும் மூளைப் பகுதியை. வளர்ந்த குரங்குகளைவிடக் குட்டிகள் நன்றாகத் தேறின, உண்மைதான். கை கால் தேறியதை வைத்துக் கவனமும் தேறும் என்பது கட்டுரையாளரின் சொந்தச் சரக்கு. வளர வளரத்தான் சில பாதிப்புகள் வெளிப்படுகின்றன என்று கென்னார்டே பதிவு செய்திருப்பதை அவர் படித்ததாகவே தெரியவில்லை.

கவனத்தை ஒன்றில் நிறுத்துவதில் பெரும்பங்கு நெற்றிப் பக்க மூளைக்கு. இருபது வயதைத் தாண்டியும் அது முதிர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று வயதில் அது அடிபட்டால், அடி விழுவது இனிமேல் வரவேண்டிய திறமையின் மேல். பால்வாடியில் யாரும் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்வதில்லை. தொடக்கப் பள்ளியில் சொல்கிறார்கள், அப்போது தெரிகிறது.

2018-இல் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, 3 முதல் 7 வயதுக்குள் அடிபட்ட பிள்ளைகளை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. தலையில் பலத்த காயம் பட்டவர்களுக்குக் கவனக்குறைபாடு வரும் வாய்ப்பு, எலும்பில் அடிபட்டு வந்த பிள்ளைகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். சிலருக்கு அது பல ஆண்டு கழித்தே தலைகாட்டியது. கட்டிலிலிருந்து உருண்டு நெற்றி வீங்கிய குழந்தைகளைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் குழந்தையையும் நான்கு நாள் நினைவிழந்த குழந்தையையும் ஒரே வாக்கியத்தில் அடைத்ததுதான் அந்தக் கட்டுரை செய்த அநியாயம்.

செல்போனைப் பிடுங்கு, கண்டித்து வை என்று முடித்திருக்கிறார். அந்த வீட்டில் ஒரு வாரமாக அதுதான் நடந்திருக்கிறது. பையனின் முழங்கையில் ஸ்கேல் தடம் பார்த்தேன்.

அப்பாவிடம் சொன்னேன்: ஆறு வருஷத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். வகுப்பு டீச்சரிடம் காட்டுங்கள். முதல் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு தாளில் ஒரே ஒரு கணக்கு தரச் சொல்லுங்கள். சனிக்கிழமை பத்து மணிக்குக் காத்திருப்பேன்.